மரநிழலும் மனநலமும்

முன்னுரை

வகுப்பில் பாடம் நடந்துகொண்டிருக்கும்போது மாணவர் ஒருவர் சன்னலுக்கு வெளியே நிற்கும் வேப்பமரத்தை நோக்கியிருந்தால், ஆசிரியர் குரலை உயர்த்தி அவரை அழைப்பது வழக்கம். "பாடம் இங்கே நடக்கிறது, மரத்தில் நடக்கவில்லை" என்று சொல்வதும் உண்டு. இக்கட்டுரையை எழுதுபவனும் பல்லாண்டுகள் அவ்வாறு சொன்னவனே. மாணவரின் கவனம் சிதறுகிறது என்பதே அக்கண்டிப்பின் பொருள். ஆயினும், மரத்தை நாடிச் செல்லும் அக்கண், களைத்துப்போன கவனத்தை மீட்டெடுக்கச் செல்லும் கண்ணாகவும் இருக்கலாம் என்பதை உளவியல் ஆய்வுகளைப் பயின்ற பின்னரே உணர முடிந்தது.

மனநலம் என்பது மனநோய் இல்லாமை மட்டுமன்று. வாழ்வில் நேரும் இயல்பான நெருக்கடிகளைத் தாங்கி, தம் ஆற்றலை உணர்ந்து, பயனுறப் பணியாற்றி, தாம் வாழும் சமுதாயத்திற்குத் தம் பங்கினைச் செலுத்தும் நிலையே மனநலம் என்று உலக சுகாதார நிறுவனம் விளக்குகிறது. இன்றைய மாணவரின் தோள்மீது தேர்வு, வேலைவாய்ப்பு, குடும்பத்தின் எதிர்பார்ப்பு ஆகிய மூன்று சுமைகள் உள்ளன. கையிலிருந்து இறங்காத கைபேசி நான்காவது சுமையாகச் சேர்ந்துள்ளது. இந்நிலையில், இயற்கைச் சூழலில் இருத்தலும் தியானமும் மனநலத்திற்கு எவ்வகையில் துணைபுரிகின்றன, எவ்வளவு துணைபுரிகின்றன, எவ்விடத்தில் அத்துணை போதாமற் போகிறது என்னும் மூன்று வினாக்களுக்கு விடைகாண இக்கட்டுரை முயல்கிறது.

கவனத்தின் இருவகை

அமெரிக்க உளவியல் அறிஞர் வில்லியம் ஜேம்ஸ், 1890ஆம் ஆண்டில் வெளியிட்ட 'உளவியலின் கோட்பாடுகள்' என்னும் பெருநூலில் கவனத்தை இருவகையாகப் பகுத்துக் காட்டினார். ஒன்று, நாம் முயன்று செலுத்துவது. மற்றொன்று, பொருள்தானே நம்மை ஈர்த்துக்கொள்வது. யாப்பிலக்கண நூற்பாவை மனனம் செய்வதற்கும், கணக்கேட்டில் கூட்டல் பிழையாமல் பார்ப்பதற்கும் முதல்வகைக் கவனம் வேண்டும். கிளையில் ஓடும் அணிலையும் வாய்க்காலில் ஓடும் நீரையும் காண்பதற்கு இரண்டாம் வகையே போதும். முன்னதை முயற்சிக் கவனம் என்றும் பின்னதை இயல்புக் கவனம் என்றும் இக்கட்டுரையில் வழங்குவோம்.

இப்பகுப்பை அடிப்படையாகக் கொண்டு, மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரேச்சல் கப்லான், ஸ்டீபன் கப்லான் என்னும் இணையர் ஒரு கோட்பாட்டை வகுத்தனர். 1989இல் வெளிவந்த அவர்தம் நூல் இத்துறையில் அடிப்படை நூலாகக் கருதப்படுகிறது. முயற்சிக் கவனம் அளவற்ற ஊற்று அன்று. ஒரு பொருளில் மனத்தை நிறுத்துவதென்றால், அதே வேளையில் மற்றப் பொருள்கள் அனைத்தையும் மனம் தடுத்து நிறுத்தவேண்டும். அத்தடுப்பு வேலைதான் மனத்தைக் களைப்படையச் செய்கிறது. படித்த பத்தியையே மீண்டும் மீண்டும் படித்தல், எளிய கணக்கில் பிழைபடுதல், சிறுசொல்லுக்கும் சினத்தல், தொடங்கிய வேலையை முடிக்கமாட்டாமை ஆகியன களைத்த கவனத்தின் அறிகுறிகளாம். இவற்றைச் சோம்பல் என்று பெற்றோர் பழிக்கின்றனர். தகுதிக் குறைவு என்று மாணவர் தம்மைத்தாமே நொந்துகொள்கின்றனர். உண்மையில் பல வேளைகளில் அது களைப்பே ஆகும். களைத்தவருக்கு வேண்டுவது கண்டிப்பன்று, ஓய்வு.

உறக்கம் ஓர் ஓய்வு. விழித்திருக்கும் பொழுதிலும் ஓய்வு கிடைக்க வழி உண்டு. இயல்புக் கவனம் பணியாற்றும்போது முயற்சிக் கவனம் ஓய்வு கொள்கிறது என்பதே கப்லான் இணையரின் கோட்பாடு. அத்தகைய ஓய்வைத் தரும் சூழலுக்கு நான்கு பண்புகள் வேண்டும் என்பர். அன்றாட அலுவலிலிருந்து விலகியிருத்தல், உலவுவதற்கு இடம்தரும் விரிவு, நம் விருப்பத்தோடு பொருந்தும் இயைபு, மென்மையான ஈர்ப்பு ஆகியன அவை. இந்நான்கும் ஒருங்கே வாய்ப்பது இயற்கைச் சூழலில் எளிது.

கைபேசித் திரையும் நம்மை முயற்சியின்றி ஈர்ப்பதுதானே, அதுவும் ஓய்வுதானே என்று மாணவர் வினவலாம். மென்மையான ஈர்ப்பு என்னும் சொல்லில் அதற்கான விடை உள்ளது. விறுவிறுப்பான பந்தயமும் மின்னி மறையும் காட்சியும் மனத்தை முழுவதும் கைப்பற்றிக்கொள்கின்றன. வேறொன்றை எண்ண இடம்தருவதில்லை. இலையசைவோ மனத்தின் ஒரு பகுதியை மட்டும் மெல்லப் பற்றுகிறது. எஞ்சிய பகுதி தன் போக்கில் எண்ணவும் தெளியவும் இடம்தருகிறது. ஒரு மணி நேரம் திரையைப் பார்த்து எழுந்தவர் மேலும் களைத்து எழுவதற்கும், அரைமணி நேரம் குளக்கரையில் இருந்து எழுந்தவர் தெளிந்து எழுவதற்கும் இவ்வேறுபாடே காரணம் எனலாம்.

மருத்துவமனைச் சன்னல்

கோட்பாடு கேட்பதற்கு இனிது. சான்று உண்டா என்பதே ஆய்வாளன் எழுப்பவேண்டிய வினா. இத்துறையில் பெரிதும் எடுத்துக்காட்டப்படும் சான்று ஒரு மருத்துவமனைச் சன்னலிலிருந்து கிடைத்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் புறநகர் மருத்துவமனை ஒன்றில் 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவை மருத்துவம் பெற்றவர்களின் பதிவேடுகளை ரோஜர் உல்ரிச் என்னும் ஆய்வாளர் ஆராய்ந்தார். அங்கே ஒருபுறத்து அறைகளின் சன்னல் மரங்களை நோக்கியிருந்தது. மறுபுறத்து அறைகளின் சன்னல் செங்கற் சுவரை நோக்கியிருந்தது. மற்றெல்லா வகையிலும் அவ்வறைகள் ஏறத்தாழ ஒரே தன்மையின. வயது, பால், உடல்நிலை முதலியவற்றால் ஒத்த 23 இணைகளாக 46 நோயாளிகளை அவர் தேர்ந்து ஒப்பிட்டார்.

மரங்களைக் கண்டவர்கள் அறுவைக்குப்பின் சராசரியாக 7.96 நாள்களில் வீடு திரும்பினர். சுவரைக் கண்டவர்களுக்கு 8.70 நாள்கள் ஆயின. மரங்களைக் கண்டவர்கள் கடுமையான வலிநீக்கி மருந்துகளைக் குறைவாகவே வேண்டினர். மனம் சோர்ந்திருக்கிறார், அழுகிறார், தேற்ற வேண்டியுள்ளது என்பன போன்ற செவிலியர் குறிப்புகளும் அவர்கள் ஏட்டில் குறைந்தே காணப்பட்டன. இவ்வாய்வு 1984இல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்தது. சிறிய ஆய்வுதான்; ஓரிடத்து ஆய்வுதான். ஆயினும், நோயாளிகள் மரத்தடிக்குச் செல்லவில்லை, படுத்த படுக்கையிலிருந்து பார்த்தனர் என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது. அதன் பின்னர் மருத்துவமனைகளைக் கட்டுவோர் சன்னல் எதனை நோக்கவேண்டும் என்பதை மேலும் கருதத் தலைப்பட்டனர்.

நடந்து கண்ட உண்மைகள்

கவனத்தையே நேரடியாக அளந்த ஆய்வு 2008இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. மார்க் பெர்மன், ஜான் ஜோனிடஸ், ஸ்டீபன் கப்லான் ஆகிய மூவர் அதனைச் செய்தனர். 38 மாணவர்களுக்கு எண்களின் வரிசையைச் சொல்லி, அதனைப் பின்னிருந்து முன்னாகத் திருப்பிச் சொல்லச் செய்தனர். பின்னர் அவர்களுள் ஒரு பகுதியினரை மரங்கள் அடர்ந்த தோப்பு வழியாகவும், மற்றையோரை நகரின் போக்குவரத்து மிகுந்த தெரு வழியாகவும் ஒரு மணி நேரத்திற்குச் சற்றுக் குறைவாக நடக்கவிட்டனர். அடுத்த கிழமை இருசாராரும் வழிமாறி நடந்தனர். தோப்பில் நடந்து திரும்பியபோது அவர்களின் நினைவாற்றல் தேர்வு குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்தது. தெருவில் நடந்தபோது அவ்வுயர்வு தெளிவாகத் தென்படவில்லை. கடுங்குளிரில் நடந்தவர்களுக்கும் அப்பயன் கிட்டியது. ஆகவே இஃது இன்பப் பொழுதுபோக்கின் விளைவு மட்டுமன்று. கவனம் ஓய்வு பெற்றதன் விளைவு என்று அவர்கள் முடிவு செய்தனர்.

கவனத்தோடு துயரும் தணிகிறதா என்பது அடுத்த வினா. மாடு தின்ற இரையை மீண்டும் வாய்க்குக் கொணர்ந்து அசைபோடுகிறது. மனிதமனமும் நேற்றைய அவமானத்தையும் நாளைய அச்சத்தையும் அவ்வாறே அசைபோடுகிறது. இது மிகின் மனச்சோர்வு நோய்க்கு வழிகோலும். 2015இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர் கிரகரி பிராட்மனும் அவர்தம் குழுவினரும் 38 பேரை 90 நிமிடம் நடக்கச் செய்தனர். ஒரு பகுதியினர் கருவாலி மரங்கள் நிற்கும் புல்வெளியிலும், மறுபகுதியினர் வண்டிகள் விரையும் பெருஞ்சாலை ஓரத்திலும் நடந்தனர். புல்வெளியில் நடந்தவர்களிடம் துயரை அசைபோடும் போக்குக் குறைந்தது. அப்போக்கோடு தொடர்புடைய மூளைப்பகுதியின் இயக்கமும் தணிந்தது.

2022இல் பெர்லின் நகரிலிருந்து மற்றொரு சான்று கிடைத்தது. மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள் 63 பேரின் மூளையைப் படமெடுத்தபின், ஒரு மணி நேரம் குருனேவால்டு காட்டிலோ கடைத்தெருவிலோ நடக்கவிட்டு மீண்டும் படமெடுத்தனர். அச்சத்தையும் நெருக்கடியையும் உணரும்போது இயங்குவது அமிக்டலா என்னும் மூளைப்பகுதி. காட்டில் நடந்தவர்களிடம் அதன் இயக்கம் குறைந்தது. தெருவில் நடந்தவர்களிடம் மாறாதிருந்தது.

காட்டுக் குளியலும் அதன் அளவும்

கிழக்கு நாடுகளுள் ஜப்பான் இதனை ஓர் அரசுத் திட்டமாகவே வளர்த்துள்ளது. 1982இல் அந்நாட்டு வனத்துறை 'சின்ரின் யோக்கு' என்னும் சொல்லை வழக்கிற்குக் கொணர்ந்தது. காட்டுக் குளியல் என்பது அதன் பொருள். நீரில் மூழ்குவதுபோலக் காட்டின் மணத்திலும் ஒலியிலும் ஒளியிலும் மூழ்கியிருத்தலே அது. மலையேறுவதும் வியர்க்க ஓடுவதும் அதில் இல்லை. மெல்ல நடத்தலும் அமர்தலும் மட்டுமே உண்டு. பின்னர் அந்நாட்டின் 24 காடுகளில் 280 பேரைக்கொண்டு ஆய்வு நடந்தது. அவர்களுள் பெரும்பாலோர் இருபது வயதை ஒட்டிய மாணவர்கள். ஒருநாள் காட்டிலும் மறுநாள் நகரிலும் அவர்களை இருத்தி, உமிழ்நீரில் உள்ள கார்ட்டிசால் என்னும் நெருக்கடிச் சுரப்பின் அளவு, நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் ஆகியவற்றை அளந்தனர். மூன்றும் காட்டில் குறைவாகவே இருந்தன.

எவ்வளவு நேரம் வேண்டும்? இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரிடம் திரட்டிய செய்திகளைக்கொண்டு 2019இல் வெளிவந்த ஆய்வு, வாரத்திற்கு 120 நிமிடம் இயற்கையோடு கழித்தவர்கள் நல்ல உடல்நலமும் மனநிறைவும் உடையவர்களாகத் தம்மைக் கூறிக்கொள்ளும் வாய்ப்பு மிகுதி என்று காட்டியது. அதனை ஒரே நாளில் கழித்தாலும் பல நாள்களாகப் பகுத்துக் கழித்தாலும் வேறுபாடு காணப்படவில்லை. ஆனால், நலமுடையவர்களே மிகுதியாக வெளியே செல்கின்றனர் என்றும் இதற்குப் பொருள் கூறலாம். ஆகவே இதனை உறுதியான மருந்தளவாகக் கொள்ளாமல், நல்ல வழிகாட்டியாகக் கொள்வதே முறை. நாளொன்றுக்கு 20 நிமிடம் என்று கொண்டால் வாரத்திற்கு 140 நிமிடம் ஆகிவிடும். கல்லூரி மாணவர் எவருக்கும் அஃது இயலாததன்று.

திணைக் கோட்பாடு காட்டும் உறவு

நிலத்திற்கும் மனநிலைக்கும் உள்ள உறவு தமிழ் பயில்வார்க்குப் புதியதன்று. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாக வைத்தது. அவற்றிற்கேற்ற மன ஒழுக்கத்தை உரிப்பொருளாக வைத்தது. இடத்தைச் சொல்லாமல் மனத்தைச் சொல்லவியலாது என்பதே திணைக் கோட்பாட்டின் அடிப்படை. அதிலும் காடும் காடுசார்ந்த இடமுமாகிய முல்லைக்கு இருத்தலை உரிப்பொருளாக்கியது எண்ணத்தக்கது. பிரிவின்கண் ஆற்றியிருத்தலே முல்லை ஒழுக்கம். கார்காலமும் மாலைப்பொழுதும் அதற்குரியன. இது மருத்துவச் சான்று ஆகாது, ஆகவும் வேண்டியதில்லை. நம் முன்னோர் மனத்தின் பொறுமையை எண்ணியபோது, அதனை வைப்பதற்குக் காட்டையே தேர்ந்தனர் என்பதே நாம் அறியவேண்டுவது. ஆற்றியிருத்தல் என்னும் சொல், தியானத்தின் இயல்பை விளக்கவும் நமக்குப் பயன்படுகிறது.

தியானம்: கவனத்தின் பயிற்சி

இயற்கை கவனத்திற்கு ஓய்வு தருகிறது என்றால், தியானம் அதே கவனத்திற்குப் பயிற்சி தருகிறது. தியானம் என்றவுடன் மனத்தை வெறுமையாக்குதல் என்று பலர் கருதி, தம்மால் இயலாது எனக் கைவிடுகின்றனர். மனம் வெறுமையாவதில்லை. மூச்சு வந்துபோவதைக் கவனிக்கிறோம். சிறிது நேரத்தில் மனம் எங்கோ சென்றுவிடுகிறது. சென்றதை அறிந்தவுடன் சினமின்றி மீண்டும் மூச்சுக்குக் கொணர்கிறோம். அவ்வாறு மீட்டுக் கொணரும் செயலே தியானம். நூறுமுறை மனம் அலைந்தால் நூறுமுறை பயிற்சி கிடைத்தது என்று கொள்ளவேண்டும். அலையும் கவனத்தை மீண்டும் மீண்டும் மீட்கும் ஆற்றலை வளர்ப்பதே கல்வியுள் சிறந்த கல்வி என்னும் கருத்தை, முன்னர்ச் சுட்டிய வில்லியம் ஜேம்சும் அதே நூலில் தெரிவித்துள்ளார்.

தனிமையும் இயற்கையும் ஆழ்நினைவும் ஒன்றுசேர்ந்தே வந்துள்ளன என்பதைச் சமய வரலாறுகள் காட்டும். மக்கா நகரின் அருகே நூர் மலையிலுள்ள ஹிரா குகையில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தனித்திருந்த காலத்திலேயே முதல் இறைவசனம் அருளப்பெற்றது. சூஃபி மரபில் முராக்கபா என்னும் ஆழ்நினைவும் கல்வத் என்னும் தனித்திருத்தலும் போற்றப்படுகின்றன. புத்தர் ஞானம் பெற்றது அரசமரத்தடியில் என்பது பௌத்த மரபு. மதுரைக்கு அருகே மாங்குளம் முதலிய குன்றுகளில் சமண முனிவர்க்கு அமைத்த கற்படுக்கைகளை இன்றும் காணலாம். இவர்தம் நோக்கம் இறைநெறியும் வீடுபேறும் சார்ந்தது. மனநலம் என்னும் சிறிய அளவுகோலால் அதனை அளத்தல் பொருந்தாது. ஆயினும், மனத்தை ஒருமுகப்படுத்த விரும்பியோர் குகையையும் குன்றையும் மரத்தடியையும் நாடினர் என்பது பொதுவாகக் காணும் உண்மை.

மருத்துவ உலகம் தியானத்தை ஏற்றது அண்மைக் காலத்திலேயே. ஹார்வர்டு மருத்துவர் ஹெர்பர்ட் பென்சன், தியானத்தின்போது உயிர்வளி நுகர்வும் நாடித்துடிப்பும் தணிவதை ஆராய்ந்து 1975இல் நூலாக எழுதினார். 1979இல் ஜான் கபட் சின் என்பவர் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில், நாட்பட்ட வலியாலும் நெருக்கடியாலும் வருந்துவோர்க்குப் பயிற்சித் திட்டம் ஒன்றைத் தொடங்கினார். அது பின்னர் உலகின் பல நாடுகளுக்குப் பரவியது. 2014இல் 3,515 பேரை உள்ளடக்கிய 47 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தபோது, பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவற்றைத் தியானம் ஓரளவு குறைக்கிறது என்பது தெரியவந்தது. உடற்பயிற்சி, மருந்து முதலியவற்றை விட மேம்பட்டது என்பதற்கு அத்தொகுப்பில் சான்று கிட்டவில்லை. 2022இல் பதற்றநோய் கொண்ட 276 பேரை இரு குழுவாக்கி, ஒரு குழுவினர்க்கு எட்டு வாரத் தியானப் பயிற்சியும் மறுகுழுவினர்க்கு எசிட்டலோப்ராம் என்னும் மருந்தும் அளித்தனர். தியானம் அம்மருந்துக்குக் குறைந்ததாக இல்லை என்பது முடிவு.

எல்லை அறிதல்

நன்மையைக் கூறிய ஆய்வாளன் எல்லையையும் கூறக் கடமைப்பட்டவன். ஐக்கிய இராச்சியத்தில் 85 பள்ளிகளில் 11 முதல் 14 வயது வரையுள்ள எண்ணாயிரத்திற்கும் மேற்பட்ட மாணவரை ஆய்வில் சேர்த்து, அவர்களுள் ஒரு பகுதியினர்க்கு வகுப்பறையில் தியானப் பயிற்சி அளித்துப் பார்த்தனர். 2022இல் வெளிவந்த அதன் முடிவு, வழக்கமான பாடத்திட்டத்தைவிட அப்பயிற்சி மேலான பயன் தரவில்லை என்பதாகும். மாணவருள் பெரும்பாலோர் வீட்டில் அதனைச் செய்து பழகவே இல்லை. கால அட்டவணையில் ஒரு பாடவேளையைச் சேர்த்து, அனைவரையும் கண்மூடச் சொல்வதால் மனநலம் விளையாது என்பதை நம் கல்வி நிறுவனங்கள் உணரவேண்டும். தியானம் கட்டளையால் வருவதன்று. தாமே விரும்பித் தொடர்வதால் வருவது.

மேலும், கடுமையான மனச்சோர்வும் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமும் உடையவரிடம் மரத்தடியில் போய் இரு, மூச்சைக் கவனி என்று மட்டும் சொல்லி அனுப்புவது பெரும்பிழை. சிலருக்குத் தனித்திருந்து கண்மூடுவதே அச்சத்தை மிகுவிக்கும். எலும்பு முறிந்தவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்வதுபோல, மனம் முறிந்தவரையும் மருத்துவரிடம் அழைத்துச் செல்லவேண்டும். அதில் நாணத்திற்கு இடமில்லை. குடும்பப் பெயர் கெடும் என்று மூடிவைத்த நோய்தான் குடும்பத்தையே வருத்தும். நடுவண் அரசு 2022 அக்டோபர் 10ஆம் நாள் தொடங்கிய 'டெலி மானஸ்' தொலைபேசிச் சேவையை 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். நண்பன் ஒருவன் திடீரென ஒதுங்கினால், உணவையும் உறக்கத்தையும் துறந்தால், தன் பொருள்களைப் பிறருக்குக் கொடுக்கத் தொடங்கினால், அவனைத் தனியே விடாமல் உடனிருந்து ஆசிரியரிடமோ மருத்துவரிடமோ அழைத்துச் செல்வது மாணவர் ஒவ்வொருவரின் கடமை.

மாணவர்க்கு ஒரு செய்முறை

கல்லூரி வளாகத்தில் ஒரு மரத்தை மாணவர் தமக்கெனத் தேர்ந்துகொள்ளலாம். வேம்பு, புங்கை, பூவரசு, தூங்குமூஞ்சி மரம் எதுவாயினும் ஆகுக. கைபேசியை அணைத்துப் பையில் இட்டுவிட்டு அதன் நிழலில் அமரவேண்டும். முதல் பத்து நிமிடம் பார்த்தலும் கேட்டலுமே வேலை. இலையின் இருபுறமும் ஒரே பச்சையா? எறும்பு எவ்வழி ஏறுகிறது? எத்தனை வகைப் பறவைக்குரல் கேட்கிறது? இவ்வாறு புலன்களை உலவவிடுதல் முயற்சிக் கவனத்திற்கு ஓய்வு.

அடுத்த பத்து நிமிடம் மூச்சை எண்ணவேண்டும். வெளிவிடும் மூச்சை ஒன்று முதல் பத்து வரை எண்ணி, மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கவேண்டும். எண்ணிக்கை தவறினால் தம்மை நொந்துகொள்ளாமல் ஒன்றுக்குத் திரும்பவேண்டும். கண்ணை மூடுவது அச்சம் தருமாயின் திறந்தே வைத்துக்கொள்ளலாம். தேர்வுக்கு முந்தைய நாள் தொடங்குவதால் பெரும்பயன் இல்லை. பருவத்தின் தொடக்கத்திலேயே தொடங்கித் தொடர்வதே சிறப்பு. ஒருநாள் விட்டுப்போனால் மறுநாள் தொடரலாம்.

ஆசிரியர்க்கும் பெரியோர்க்கும்

மாணவர்க்குச் செய்முறை கூறிவிட்டு, அமர்வதற்கு மரம் இல்லாமற் செய்துவிட்டால் அறிவுரை வீணாகும். டென்மார்க்கில் 1985 முதல் 2003 வரை பிறந்த ஒன்பது லட்சத்திற்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து 2019இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. பத்து வயது வரை பசுமை மிகக் குறைந்த சூழலில் வளர்ந்தோர்க்குப் பிற்காலத்தில் மனநோய் வரும் வாய்ப்பு, பசுமை மிகுந்த சூழலில் வளர்ந்தோரைவிட 55 விழுக்காடு வரை மிகுதி என்று அது காட்டியது. குடும்ப வருவாய், பெற்றோரின் நோய் வரலாறு முதலியவற்றைக் கணக்கில் கொண்ட பின்னரும் அத்தொடர்பு மறையவில்லை. மரம் அழகுக்காக வைத்த பொருள் என்னும் எண்ணத்தை இவ்வாய்வுகள் மாற்றவேண்டும். புதிய கட்டடத்திற்கு வரைபடம் இடும்போது, வெட்டப்படும் மரத்தின் விலையோடு அதன் நிழலில் அமர்ந்தோரையும் எண்ணிப் பார்த்தல் நலம்.

மற்றொன்றும் சொல்லவேண்டும். மாலையில் கடற்கரையிலும் ஆற்றங்கரையிலும் உலவிவரும் உரிமை நம் ஆண்மாணவர்க்கு எளிதாகக் கிடைத்துவிடுகிறது. மாணவியர் பலர்க்கு வகுப்பறை, பேருந்து, சமையலறை என்பனவே உலகமாக உள்ளன. மனக்களைப்பு அவர்களுக்கும் உண்டு. வீட்டுவேலையால் சிறிது மிகுதியாகவும் உண்டு. வளாகத்துக்குள் மாணவியர் அச்சமின்றி அமர்ந்திருக்க நிழலும் இருக்கையும் அமைத்துத் தருதல், விடுதி முற்றத்தில் நான்கு மரமேனும் வளர்த்தல், வீட்டு மொட்டைமாடியில் தொட்டிச் செடிகளுக்கிடையே அவர்களுக்கென அரைமணி நேரம் ஒதுக்குதல் ஆகியன பெரும்பொருள் வேண்டாத செயல்கள். பெரியோர் மனம் வைத்தால் இவ்வாண்டே நிறைவேறும்.

முடிவுரை

கவனம் களைப்பது இயல்பு. இயற்கை அதற்கு ஓய்வு தருகிறது. தியானம் அதற்குப் பயிற்சி தருகிறது. இரண்டும் சேரும்போது மனம் தன்னைத் தானே ஆற்றிக்கொள்ளும் வலிமை பெறுகிறது. அவ்வலிமைக்கும் எல்லை உண்டு. எல்லை கடந்த துயருக்கு மருத்துவரை நாடுதலே அறிவுடைமை. இக்கட்டுரையால் பெறப்படும் கருத்துகள் இவையே.

அடுத்த பாடவேளையில் மாணவர் ஒருவர் சன்னலுக்கு வெளியே நோக்கியிருக்கக் கண்டால், சற்றுப் பொறுத்திருக்க எண்ணியுள்ளேன். அரை நிமிடத்தில் அவர் தாமே பாடத்திற்குத் திரும்பினால் மரம் தன் பணியைச் செய்துவிட்டது என்று கொள்வேன். நெடுநேரம் திரும்பாவிட்டால், வகுப்பு முடிந்தபின் அவரைத் தனியே அழைத்து, "என்னப்பா, உடம்புக்கு ஒன்றுமில்லையே?" என்று வினவவேண்டும். அதட்டலுக்கு மாற்றாக அவ்வினாவை நாம் பழகிக்கொண்டால், சன்னலுக்கு வெளியே தேடியதில் ஒரு பகுதியேனும் வகுப்பறைக்குள்ளேயே மாணவர்க்குக் கிட்டும்.